வென்றபின் வேண்டும் பொறுப்பு



தேர்தல் போட்டிக்களம், ஆட்சி பொறுப்புக்களம். போட்டியில் மூண்ட சினத்தை ஆட்சிக்கட்டிலிலும் ஏற்றிவைப்போர் வென்றும் தோற்றவராவர். இதற்குத் தமிழக வரலாற்றிலேயே தக்க சான்றுண்டு.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.கழகம் தனித்தே ஆளத்தக்க பெரும்பான்மை பெற்றது. தந்தை பெரியாரோ அத்தேர்தலில் பேராயக் கட்சிக்குத் துணைநின்று கழகத்தை எதிர்த்தவர். 1949இல் நேர்ந்த பிரிவு பதினெட்டாண்டு நீண்டிருந்தது. ஆயினும், ஆட்சிப் பொறுப்பேற்குமுன் அறிஞர் அண்ணா திருச்சிக்குச் சென்று பெரியாரைக் கண்டார். வென்றவரே முற்பட்டுச் சென்றமையால் பழம்பகை முடிந்தது; புதிய அரசுக்குப் பெருந்துணை கிடைத்தது.

சட்டமன்றத்திலும் அப்பண்பே பயன் தந்தது. தமிழ்நாடு என்னும் பெயர் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக உண்ணாநோன்பிருந்த ஈகி சங்கரலிங்கனார், 1956 அக்தோபர் 13ஆம் நாள் உயிர்நீத்தார். பேராயக் கட்சி ஆண்ட நாளில் அப்பெயர் மாற்றம் கைகூடவில்லை. 1967 சூலை 18ஆம் நாள் அண்ணா அதற்கான தீர்மானத்தைக் கொணர்ந்தபோது, எதிர்வரிசையில் அமர்ந்திருந்த அக்கட்சியும் உடன்பட்டது. எதிர்ப்பே இன்றித் தீர்மானம் நிறைவேறியது. மாநிலப் பெயரை மாற்றும் உரிமை நாடாளுமன்றத்திடம் இருந்தமையால், இவ்வொருமைப்பாடு பெருவலிமையாயிற்று. ஒரு கட்சியின் விருப்பமென்று தில்லி ஒதுக்குதற்கு இடமில்லை; அது நாட்டின் குரலாய்ச் சென்றது. 1969 சனவரி 14ஆம் நாள் தமிழ்நாடு என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அடுத்த இருபதாம் நாள், பிப்பிரவரி 3இல், அண்ணா மறைந்தார்.

பெயர் கிடைத்தது; பெயருக்குரிய வாழ்வு கிடைத்ததா? 1968 சனவரி 23ஆம் நாள் அதே மன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. கல்லூரிகள் அனைத்திலும் ஐந்தாண்டுக்குள் தமிழே பயிற்றுமொழியாதல் வேண்டுமென்றும் முடிவு செய்தது. இந்தி விலக்கப்பட்டது, தமிழ் முழுமையாய் ஏறவில்லை. மருத்துவப் பட்டப்படிப்பு இன்றும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. ஒருநாள் கைதூக்கி ஏற்ற பெயரைக் காட்டிலும், நாள்தோறும் நூலாக்கி, ஆசிரியரை ஆக்கி, பணம் ஒதுக்கிச் செய்யவேண்டிய பணி கடினமானது. ஓராட்சி தொடங்கியதை அடுத்த ஆட்சி தொடர்ந்தாலன்றி அது முடிவுறாது.

ஆகவே, ஆள்வோர் மாற்றாரின் நல்லுரைக்குச் செவிசாய்க்க! எதிர்வரிசையினர் தவற்றை இடித்துரைத்து, தமிழ்ப்பணிக்குத் தோள்கொடுக்க! வாக்களித்த தமிழரோ, எக்கட்சி வென்றது என்பதோடு அமையாமல், ஏற்ற தீர்மானம் என்னாயிற்று என்று ஆண்டுதோறும் கேட்க! கேட்கும் மக்கள் உள்ள நாட்டில்தான் பொறுப்புள்ள ஆட்சி நிலைக்கும்.

வெல்க தமிழ்!