பிணத்துக்கும் சாதியா?

(ஆலங்குளத்தில் பேசியதன் சுருக்கம்)



பிணத்தைக் கழுகுக்குப் போடுவது என்றவுடன் உங்களில் பலர் முகத்தைச் சுளிக்கிறீர்கள். திபேத்தில் அது வழக்கம். அங்கே தரை பாறையும் உறைபனியுமாயிருப்பதால் குழி தோண்டுவது கஷ்டம். எரிக்க விறகும் அருமை. ஆகவே பிணத்தை மலைமேல் கொண்டுபோய் அறுத்துக் கழுகுகளுக்குக் கொடுக்கிறார்கள். மும்பைப் பார்சிகளோ, நெருப்பும் மண்ணும் தீட்டாகக்கூடாதென்று வட்டக் கோபுரத்தின்மேல் வைத்தார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்தால் கழுகுகள் மாண்டொழிந்தன. பிறகு எரிக்க விரும்பும் பார்சிகளுக்கென்று 2015ல் வொர்லியில் பிரார்த்தனை மண்டபமே ஏற்பட்டுவிட்டது. கழுகு போயிற்று, வழக்கமும் மாறத் தொடங்கிற்று!

நம்முடைய பெரியவர்கள் என்ன செய்தார்கள்? இங்கிருந்து கிழக்கே தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மானியரும், அவருக்குப் பின் அலெக்சாண்டர் ரீயும் அங்கே தோண்டியபோது தாழி தாழியாக எலும்புகள் கிடைத்தன. மணிமேகலையிலோ எரிப்பது, வெளியில் போட்டுவிடுவது, குழியில் புதைப்பது, அடைத்து வைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து விதமும் புகாரின் ஈமக்காட்டில் நடந்ததாகச் சொல்லப்படுகிறது. அப்படியிருக்க, இன்ன முறைதான் ஆண்டவன் கட்டளை என்பதற்கு ஆதாரம் எங்கே?

ஐந்து விதக்காரருக்கும் அன்று ஒரே காடு போதுமாயிருந்தது. இன்றோ ஒரே விதமாய் எரிக்கிறவர்களுக்குச் சாதிக்கொரு சுடுகாடு! அதற்குப் போகும் பாதையிலும் வேலி! 2019ல் வாணியம்பாடிக்கருகில் ஓர் ஆதிதிராவிடத் தோழரின் பிணத்தைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றுக்குள் இறக்கினார்கள். தனியார் நிலத்தின் வழியே போக விடாததுதான் காரணம்.

பிறரைக் குறை சொல்ல மட்டும் நாம் இங்கு வரவில்லை. நம் சிறுவயதில் நம் தெரு வழியே ஒரு பாடை வரக்கூடாதென்று பெரியவர்கள் தடியோடு நின்றார்கள். தூக்கி வந்தவர்கள் ஒன்றும் பேசாமல் வயல் சேற்றில் இறங்கிப் போனார்கள். நாம் திண்ணையிலிருந்து வேடிக்கை பார்த்தோம். வெட்கத்தோடு சொல்லுகிறோம்.

தோழர்களே! எந்தக் கழுகும் பிணத்தைப் பார்த்து என்ன சாதி என்று கேட்டதில்லை. நாம்தான் கேட்கிறோம், ஆனால் கழுகை அநாகரிகம் என்கிறோம்! பிணத்தைப் புதையுங்கள், எரியுங்கள், வைத்தியசாலைக்குக் கொடுங்கள். அது அவரவர் இஷ்டம். ஆனால் இவ்வூர் வாலிபர்களை ஒன்று கேட்டுக்கொள்ளுகிறோம். அடுத்த பாடை எந்தத் தெருவில் புறப்பட்டாலும் நடுத்தெரு வழியாகவே வரட்டும். நீங்கள் திண்ணையிலிருந்து இறங்கித் தோள் கொடுங்கள்.