பனிக்குப் போன வெயில் நாட்டுப் பெண்கள்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர் ஒருவர் மேடை ஏறுகிறார் என்றதும் சீனி வருத்தம், பிறஷர், தேநீருக்கு எத்தனை கரண்டி சீனி என்றுதான் கதை போகும் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றைச் சொல்ல எங்களுக்குக் கிளினிக் இருக்கிறது. இன்று விளையாட்டைப் பற்றிக் கதைக்கப் போகிறோம். அதுவும் எங்களில் பலர் பாடசாலைக் காலத்தில் கண்ணாலும் காணாத பனியில் நடக்கும் விளையாட்டு.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் எங்கள் ஊர்களைப் போலவே வெக்கையான இடம். அங்கே ஒரு வீட்டு வாகனக் கொட்டகையில் ஷேயுன் அடிகுன் என்ற பெண் பலகையால் ஒரு வண்டி செய்தார். அவரது பெற்றோர் நைஜீரியர்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நைஜீரியாவுக்காக 100 மீற்றர் தடைதாண்டல் ஓடியவர் அவர். பிறகு முதுகெலும்பு, மூட்டுச் சிகிச்சைத் துறையில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்புக்கு நடுவில்தான், நைஜீரியாவுக்கு ஒரு பெண்கள் பொப்ஸ்லெட் அணி வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தன் மறைந்த சகோதரியின் செல்லப்பெயரையும் சேர்த்து அந்தப் பலகை வண்டிக்கு "மேஃபிளவர்" என்று பெயரிட்டார். அதைத் தள்ளித் தள்ளிப் பழகுவதற்கு இரண்டு ஓட்ட வீராங்கனைகளைக் கூப்பிட்டார். ஒருவர் இங்கோசி ஒன்வுமேரே, மற்றவர் அகுவோமா ஒமெயோகா.

பொப்ஸ்லெட் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் பனிக்கட்டி வாய்க்கால் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அதில் உருக்குச் சறுக்குகளில் நிற்கும் ஒரு வண்டி. இருவர் அதைத் தள்ளிக்கொண்டு ஏறத்தாழ 50 மீற்றர் ஓடி, ஓடுகிற ஓட்டத்திலேயே உள்ளே பாய்ந்து அமர வேண்டும். முன்னால் இருப்பவர் வண்டியைத் திருப்புகிறார். பின்னால் இருப்பவர் தலையைக் குனிந்தபடி இருந்து, கடைசியில் பிறேக் பிடிக்கிறார். வேகம் மணிக்கு 130 கிலோமீற்றரைத் தொடும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த விளையாட்டில் குளிர் எவ்வளவு பெரிய தடை? எங்களிடம் பலரும் கேட்பது இதைத்தான். குளிரில் விரல் நுனிகளின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தசை குளிர்ந்தால் வேகமாகச் சுருங்கி விரிய மாட்டாது, ஆகவே ஓட்டத்தின் உந்துசக்தி குறையும். ஆபிரிக்க வம்சாவளி வீரர்களுக்குக் கை கால் விரல்களில் குளிர்ப் பாதிப்பு வரும் வாய்ப்புக் கூடுதல் என்று பிரித்தானிய, அமெரிக்க இராணுவ மருத்துவ ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இவை உண்மைகள். ஆனால் நல்ல கையுறையும் சூடேற்றும் பயிற்சியும் இருந்தால், ஒரு நிமிட ஓட்டத்தில் இவற்றைச் சமாளிக்கலாம். வைத்தியர்களான எங்களைப் பயப்படுத்துவது வேறு. அது வண்டி கவிழும்போது தலையில் விழும் அடியும், வளைவுகளில் மூளை மீண்டும் மீண்டும் குலுங்குவதும். நோர்வேயில் பிறந்த தலைக்கும் நைஜீரியத் தலைக்கும் அந்த ஆபத்து ஒன்றுதான்.

பனி நாட்டுக்காரருக்கு இதில் பிறவிச் சாதகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தொடக்கத்தில் வேண்டியது குறுந்தூர ஓட்டக்காரரின் கால். தொடக்கத்தில் பிந்தினால் அந்தப் பிந்தல் கீழே போய்ச் சேரும்போது பெருகிவிடும். 2002 இல் சோல்ட் லேக் நகரில்தான் பெண்களுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் பொப்ஸ்லெட்டில் இடம் கிடைத்தது. ஆண்கள் 1924 முதலே ஓடிக்கொண்டிருந்தார்கள், அந்தக் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்த முதல் போட்டியில் தங்கம் வென்ற அமெரிக்க வண்டியின் பின்னால் இருந்தவர் வொனெட்டா பிளவர்ஸ். அலபாமா மாநிலத்து நீளம் பாய்தல் வீராங்கனை. குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

வெயில் நாடும் பொப்ஸ்லெட்டும் என்றதும் உங்களுக்கு ஜமெய்க்காவும் "கூல் ரன்னிங்ஸ்" படமும் நினைவுக்கு வந்திருக்கும். நல்ல சிரிப்புப் படம், நாங்களும் பார்த்தோம். ஆனால் எங்களுக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. 1988 இல் கல்கரிக்குப் போனவர்கள் கோமாளிகள் அல்லர். டட்லி ஸ்டோக்ஸ் இராணுவ ஹெலிகொப்டர் ஓட்டி. டெவன் ஹரிஸ் பிரித்தானியாவின் சாண்ட்ஹேர்ஸ்ட் கல்லூரியில் பயின்ற அதிகாரி. டட்லியின் தம்பி கிறிஸ் அண்ணனின் போட்டியைப் பார்க்க வந்தவர். அணியில் ஒருவர் காயப்பட்டதால் சில நாள் பயிற்சியோடு வண்டியில் ஏறினார். வண்டி கவிழ்ந்தது. படத்தில் அதைத் தோளில் சுமந்து வருவார்கள். உண்மையில் வண்டி பாதையிலேயே வர, அவர்கள் பக்கத்தில் நடந்து வந்தார்கள். அதோடு கதை முடிந்துவிட்டது என்று உலகம் நினைத்துக்கொண்டது. ஆறு வருடங்களின் பின் 1994 இல் நோர்வேயின் லில்லஹாமரில் ஜமெய்க்காவின் நால்வர் வண்டி 14 ஆம் இடத்துக்கு வந்தது. அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ் வண்டிகள் அதற்குப் பின்னால். விழுந்ததைச் சொல்லும் படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த 14 ஆம் இடம் தெரியும்?

அடிகுனின் அணிக்கு வருவோம். அவர்களை மறித்தவை குளிரை விடப் பெரியவை. ஆபிரிக்கக் கண்டத்தில் ஒரு பொப்ஸ்லெட் பாதை கூட இல்லை. உலகம் முழுவதுமே இருபதுக்கும் குறைவுதான். நைஜீரியாவில் அந்த விளையாட்டுக்குச் சம்மேளனமே இருக்கவில்லை, அதையும் முதலில் உருவாக்க வேண்டியிருந்தது. பிறகு பணம். உண்மையான வண்டி, தலைக்கவசம், விமானச் செலவு, பாதைக்கான கட்டணம். இணையத்தில் 75,000 அமெரிக்க டொலர் இலக்கு வைத்துப் பொதுமக்களிடம் கேட்டார்கள். கிடைத்த தொகைகள் சேர்ந்து இலக்கை எட்டின. பெரிய கம்பனிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. (நூற்றாண்டு நிதிக்குப் பொறுப்பான அக்காமார் இதைக் குறித்துக்கொள்ளவும்.)

ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற மூன்று வெவ்வேறு பாதைகளில் ஐந்து போட்டிகளை முடிக்க வேண்டும் என்பது விதி. 2017 நவம்பரில் கல்கரியில் ஐந்தாவதை முடித்தார்கள். ஜமெய்க்கா கவிழ்ந்த அதே நகரம். 2018 பெப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் தொடக்க விழா நடந்தபோது நைஜீரியக் கொடியை ஒன்வுமேரே ஏந்தி வந்தார். போட்டியில் அடிகுன் ஓட்டினார், ஒமெயோகா பின்னால் இருந்தார். ஆபிரிக்காவிலிருந்து எந்த நாடும், ஆணோ பெண்ணோ, அதற்கு முன் ஒலிம்பிக் பொப்ஸ்லெட்டுக்கு வந்ததில்லை. அவர்கள் கடைசி இடத்தில் முடித்தார்கள். அவர்களுக்கு ஓர் இடம் முன்னால் ஜமெய்க்காவின் பெண்கள் அணி. ஜமெய்க்காவும் பெண்களை அனுப்பியது அதுவே முதல் தடவை.

கடைசி இடம் என்று சொல்லும்போது நாங்கள் குரலைத் தாழ்த்தவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 1998 இல் ஜப்பானின் நாகானோவில் கென்யாவின் பிலிப் பொயிற் 10 கிலோமீற்றர் பனிச்சறுக்கு ஓட்டத்தில் கடைசியாக வந்தார். முதலாவதாக வந்தவருக்குப் பின்னால் கிட்டத்தட்ட இருபது நிமிடங்கள். அந்த முதலாமவர் நோர்வேயின் பியோர்ன் டேலி. ஒஸ்லோவிலிருந்து வந்திருக்கும் எங்கள் தோழிகளுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அவர் எல்லைக்கோட்டிலேயே காத்து நின்று பொயிற்றைக் கட்டியணைத்தார். பொயிற் தன் மகன் ஒருவனுக்கு டேலி என்றே பெயர் வைத்தார். பனிச்சறுக்கின் சிரமம் முழுவதும் தெரிந்தவர் கடைசியில் வந்தவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தவர்கள் பெரும்பாலும் கதிரையில் இருந்து பார்த்தவர்கள்தான்.

நைஜீரிய அணியைப் பற்றி ஒரு குறையும் சொன்னார்கள். மூவரும் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள், இவர்கள் எப்படி நைஜீரியர் என்று. இந்தக் கேள்வி இந்த மண்டபத்துக்கும் சொந்தமானது. எங்கள் வகுப்புத் தோழிகளில் எத்தனை பேர் இன்று டொரொன்டோவில், ஒஸ்லோவில், சூரிச்சில் இருக்கிறார்கள்! அவர்களுடைய பிள்ளைகள் நடக்கப் பழகியதே பனியில். அந்தப் பிள்ளைகள் எந்த நாட்டுப் பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்வோம்? அங்கும் இங்கும் என்று இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வோம். அந்த மூன்று பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள் என்று எங்களுக்குப் படுகிறது. பெற்றோர் விட்டு வந்த நாட்டின் பெயரை, அந்த நாடு ஒருநாளும் அழைக்கப்படாத இடத்தில் அவர்கள் ஒலிக்கச் செய்தார்கள். கேள்வி கேட்டவர்கள் அந்த நாட்டுக்கு ஒரு தலைக்கவசமாவது வாங்கிக் கொடுத்தார்களா தெரியாது.

நாற்பதைத் தாண்டிய எங்களுக்கு மிகப் பிடித்தவர் சிமிடேலே அடேக்போ. கனடாவில் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர், முப்பாய்ச்சல் வீராங்கனை. அந்த விளையாட்டை விட்டு உத்தியோகத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பொப்ஸ்லெட் அணியைப் பற்றி வாசித்த பிறகுதான், முகம் குப்புறப் படுத்தபடி தலை முன்னே போகச் சறுக்கும் ஸ்கெலட்டன் விளையாட்டுக்கு வந்தார். பனிக்கட்டியில் முதன்முதல் இறங்கியது 2017 இன் பிற்பகுதியில். சில மாதங்களில் பியோங்சாங்கில் நின்றார், அப்போது வயது 36. அவருக்கு வழி விட்டது ஒவ்வொரு கண்டத்துக்கும் ஓர் இடம் என்ற விதி. 2022 பீஜிங் போட்டிக்கு அந்த விதி இல்லை. அவர் ஒற்றையர் பொப்ஸ்லெட்டுக்கு மாறி முயன்றும் தகுதி கிடைக்கவில்லை. வாசல் ஒருமுறை திறந்தால் திறந்தேதான் இருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். அதை மூட ஒரு குழுக் கூட்டம் போதும்.

எங்கள் பாடசாலையின் வாசல்களுக்கு வருவோம். எட்டாம், ஒன்பதாம் தரத்தில் மைதானத்தைச் சுற்றிப் பறக்கும் பிள்ளைகள் பதினோராம் தரத்தில் எங்கே போகிறார்கள்? ரியூசனுக்கு. சாதாரண தரப் பரீட்சை முடியட்டும் என்கிறார்கள், பிறகு உயர்தரம் என்கிறார்கள், பிறகு அந்தச் சப்பாத்து காலுக்குப் பற்றுவதில்லை. எலும்பு தன் உறுதியின் பெரும் பங்கைச் சேர்த்துக்கொள்ளும் வயது அதுவேதான். அந்த வருடங்களைக் கதிரையில் கழித்தவர்களை நாங்கள் ஐம்பது வயதில் முறிந்த மணிக்கட்டோடு சந்திக்கிறோம். பெற்றோரே, அடிகுன் பலகை வண்டியைத் தள்ளியது கலாநிதிப் படிப்பின் நடுவில். இரண்டையும் அவர் முடித்தார்.

நேரமாகிவிட்டது, மணியைப் பார்க்கும் தங்கைமாரைக் கண்டுவிட்டோம். இன்று பின்னேரம் நான்கு மணிக்குப் பழைய மாணவிகளுக்கான 50 மீற்றர் ஓட்டம் இருக்கிறது. பெயர் கொடுக்காதவர்கள் விளையாட்டு ஆசிரியையிடம் இன்னும் கொடுக்கலாம். நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் ஓடுமுன் பத்து நிமிடமாவது வேகமாக நடந்து காலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். நெஞ்சு வருத்தம், மூட்டு வருத்தம் உள்ளவர்கள் முதலில் எங்களிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு வாருங்கள். சேலையோடு ஓட வேண்டாம்.