அபசகுனமாய்ப் பேச வந்திருக்கிறேன்



அழைப்பிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் 'வளரும் இந்தியா' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். போனில் கூப்பிட்ட உங்கள் வாசகர் வட்டச் செயலாளர், "நல்லதா நாலு வார்த்தை பேசுங்கய்யா" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் இன்றைக்கு என் வாயில் வரப்போவது முழுக்க அபசகுனம். நெருப்பு, நெரிசல், குழி, சாவு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் இலக்கணத்தில் மங்கலம் என்று ஒரு வழக்கு உண்டு. இங்கே தமிழாசிரியர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். செத்தார் என்று சொல்லக்கூடாது, இயற்கை எய்தினார். சுடுகாடு என்று சொல்லக்கூடாது, நன்காடு. என் பாட்டி ஒருநாளும் "விளக்கை அணை" என்று சொன்னதில்லை, "விளக்கைக் குளிர வைடா" என்பாள். கறுத்த ஆட்டுக்கு வெள்ளாடு என்று பெயர் வைத்த ஜனங்கள் நாம். மொழிக்கு அது அழகு, நான் மறுக்கவில்லை. அந்த அழகை மண்டபத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேருந்துக்கும் கொண்டுபோய்விட்டோம் என்பதுதான் என் குறை.

போன ஆவணியில் என் தங்கை மகனுக்குக் கல்யாணம். எந்த ஊர், எந்த மண்டபம் என்பதெல்லாம் வேண்டாம். சாப்பாட்டுக் கூடம் மாடியில். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே படி. இன்னொரு படி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருந்தது. அதில் இலைக்கட்டு, அரிசி மூட்டை, மடக்கு நாற்காலி, போதாக்குறைக்கு இரண்டு கேஸ் சிலிண்டர். சுவரில் தீயணைக்கும் சிவப்பு உருளை ஒன்று தொங்கியது. கிட்டப்போய்ப் பார்த்தால், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும் இருக்கின்றன. எப்போது மருந்து நிரப்பினார்கள் என்ற தேதியைத்தான் காணோம். மேனேஜரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சார், தாலி கட்டுற நேரத்துல நெருப்பு கிருப்புன்னு பேசலாமா?" என்றார். அவரையாவது விட்டுவிடலாம். என் தங்கை ஓடிவந்து, "அண்ணே, உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள்.

நானும் வாயை மூடிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாயசம் நன்றாகத்தான் இருந்தது.

இது திருச்சி. இந்த ஊரில் நின்றுகொண்டு கல்யாண மண்டபத்து நெருப்பை அபசகுனம் என்று ஒதுக்கிவிட முடியுமா? 2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், மாடியில் கீற்றுப் பந்தல். முகூர்த்த வேளையில் பற்றிய தீயில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மாப்பிள்ளையும் போனார். அந்தப் புகையைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதே காவிரிக் கரையில், கும்பகோணத்தில், ஜூலை 16-ஆம் தேதி காலை, சத்துணவு சமைத்த அடுப்பிலிருந்து மேலே கீற்றுக் கூரைக்குத் தீ தாவியது. குறுகலான படி. 94 குழந்தைகள்.

ஸ்ரீரங்கம் தெரியாமலா கும்பகோணம் நடந்தது? இன்னும் பின்னால் போங்கள். 1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு. யாகசாலைப் பந்தலில் தீ, தீயிலும் நெரிசலிலும் நாற்பதுக்கும் மேற்பட்டோர். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் குன்றியவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த கீற்றுக் கொட்டகை, 28 பேர். கூரை எரிகிறபோது சங்கிலி கட்டிய மனிதன் எங்கே ஓடுவான்? ஏழே வருஷத்தில், இந்தப் பக்கத்து மாவட்டங்களில் மட்டும், கீற்று நான்கு தடவை நமக்குச் சொல்லிவிட்டது. நான்காவது தடவை குழந்தைகளைக் கொண்டு சொன்ன பிறகுதான் பள்ளிக்கூடங்களில் கீற்றைப் பிரித்தோம்.

பிரித்தது சரி. ஆனால் கீற்றின் பக்கமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். கீற்று என்ன பாவம் செய்தது? ஏழைக்கு அதைவிடக் குளிர்ந்த கூரை உண்டா? தஞ்சையில் தீப்பிடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூன் 13-ஆம் தேதி, டெல்லியில் உபஹார் என்ற சினிமாக் கொட்டகை. கீற்று இல்லை, கான்கிரீட் கட்டடம். தலைநகரத்தில், வசதியான பகுதியில். கீழே டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீயின் புகை பால்கனிக்கு ஏறியது. பால்கனியிலிருந்து வெளியேறுகிற வழியை அடைத்துக் கூடுதலாக நாற்காலி போட்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் டிக்கெட் விற்கலாம் அல்லவா? 59 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். இப்போது சொல்லுங்கள், குற்றவாளி கீற்றா? அடைத்த வழியா?

நாம் கீற்றைத்தான் பிடித்தோம். எப்போதும் இப்படித்தான். போன தடவை சாவு எந்த வாசலில் வந்ததோ அந்த வாசலை மட்டும் ஆவேசமாக அடைப்போம். அது அடுத்த வாசலில் வந்து நிற்கும். குஜராத்தின் மோர்பியில் தொங்கு பாலத்தைப் பழுது பார்த்து, குஜராத்திப் புத்தாண்டுக்குத் திறந்தார்கள். நாலே நாளில், 2022 அக்டோபர் 30 அன்று, அறுந்தது. 135 பேர். திறப்பு விழா நடந்தது, தகுதிச் சான்றிதழ் வாங்கவில்லை. வேகமாக வளர்கிற தேசத்தில் திறப்பு விழாவுக்குக் குறைவே இல்லை. அவசர வழிக் கதவுக்கு யாராவது ரிப்பன் வெட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

வள்ளுவர் மங்கல வழக்கெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வருமுன் காக்காதவனுக்கு அவர் சொன்ன உவமை நெருப்பும் வைக்கோற்போரும். அந்தக் குறள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் சொல்லி நேரத்தைப் போக்கவில்லை. அது எந்த அதிகாரத்தில் இருக்கிறது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். குற்றங்கடிதல். காக்கத் தவறுவதை அசட்டை என்றோ விதி என்றோ எழுதிவிட்டுப் போகவில்லை அவர், குற்றம் என்ற தலைப்பின் கீழ் வைத்தார்.

அவர் சொன்னது வைக்கோற்போர். நம் காலத்துப் போர் வேறே, ஆழ்துளைக் கிணறு. போர் போடுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி இந்தியா பூராவும் ஓடுகிறது, ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கிறது. தண்ணீர் வந்தால் பூஜை. வராவிட்டால்? "போர் ஃபெயில்" என்று ஒரே வார்த்தை. வண்டி அடுத்த காட்டுக்குப் போய்விடும். செலவாச்சே என்று கேசிங் பைப்பையும் உருவிக்கொண்டு போவார்கள். பைப் போனதும் வாய் இன்னும் அகலமாகும். மேலே ஒரு சாக்கு, அதன்மேல் ஒரு கல், ரொம்பப் பொறுப்பானவராக இருந்தால் கொஞ்சம் முள்.

நம்ம மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டி. 2019 அக்டோபர் 25, சாயங்காலம். இரண்டு வயதுக் குழந்தை அப்படியொரு போருக்குள் போனது. நடுவில் தீபாவளி வந்தது. அந்தத் தீபாவளிக்கு நம் வீடுகளில் மத்தாப்பை விட டிவிதான் அதிகம் எரிந்தது. கோயிலிலும் மாதா கோவிலிலும் பள்ளிவாசலிலும் வேண்டிக்கொண்டோம். மத்தியப் படை வந்தது, மாநிலப் படை வந்தது, மந்திரிகள் அங்கேயே நின்றார்கள். பக்கத்தில் இன்னொரு குழி தோண்டப் பெரிய பெரிய இயந்திரம் வந்தது. பாறை இறங்க விடவில்லை. பிள்ளையைத் தூக்க ஒரு துணிப்பை வேண்டும் என்றார்கள். பெற்ற தாயே மெஷினில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். 29-ஆம் தேதி விடியுமுன் உடலைத்தான் எடுத்தார்கள்.

அந்த நான்கு இரவும் யாரும் சோம்பலாக இருக்கவில்லை. உழைத்தவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். மீட்பில் நாம் சளைத்தவர்களும் இல்லை. 2014-இல் சங்கரன்கோவில் பக்கம் மதுரைக்காரர் ஒருவர் செய்த கருவி ஒரு சிறுவனை உயிரோடு தூக்கியது. 2006-இல் குருக்ஷேத்திரத்தில் ராணுவம் ஒரு சிறுவனை மீட்டதைத் தேசமே கண்கொட்டாமல் பார்த்தது. அந்தப் பையன் ஏறி வந்த பிறகு நாடு கைதட்டியது, போரை மூடவில்லை.

போரை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே எழுதிக் கொடுத்துவிட்டது. தோண்டுவதற்குப் பதினைந்து நாள் முன்னால் தகவல் சொல்ல வேண்டும். தோண்டும்போது சுற்றிலும் முள்கம்பி வேலி, பெயர்ப் பலகை. கேசிங் பைப்பைச் சுற்றி சிமெண்டு மேடை. வாய்க்கு இரும்புத் தகடு வைத்து வெல்டிங், அல்லது போல்ட் நட்டு. கைவிட்ட போர் என்றால் அடியிலிருந்து தரைவரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். 2015-இல் நம் மாநிலமே ஊராட்சிகளுக்குத் தனி விதி போட்டது. இதெல்லாம் 2019-க்கு முன்னால். விவசாயிகள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியும், ஒரு தடவை மண்ணைத் தள்ளினால் முடிந்துவிடாது. ஒரு மழைக்கு உள்வாங்கும். போய்ப் பார்த்து மறுபடி போட வேண்டும். அந்த 'மறுபடி'யில்தான் நாம் தோற்கிறோம். நான்கு இரவு கண்விழிக்கத் தெரிந்த நமக்கு, வருஷத்துக்கு ஒருநாள் போய் எட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

பாதாளச் சாக்கடை வேறு கணக்கு. அங்கே மூடியைத் திறப்பதுதான் சாவு. அழுகிய முட்டை நாற்றம் வருகிறவரைக்கும் மூக்கு எச்சரிக்கிறது. விஷவாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்து மனிதன் இறங்குவான். முதல் ஆள் விழுவார். அவரைத் தூக்க இரண்டாவது ஆள், அவரைத் தூக்க மூன்றாவது ஆள். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. 2023-இல் உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக்கியது. தொகைதான் ஏறியிருக்கிறது. இறக்குவது நின்றபாடில்லை. யாரை இறக்குகிறோம் என்று கேட்டால் பேச்சு சாதிக்குப் போகும். போகட்டும், போகத்தான் வேண்டும். இன்னொரு நாள் மேடை கொடுங்கள், அதை மட்டுமே பேசுகிறேன்.

சாலையைப் பற்றி மூன்றே எண்கள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒரு நாளைக்குச் சுமார் 462 பேர். ஸ்ரீரங்கத்தையும் கும்பகோணத்தையும் ஏர்வாடியையும் தஞ்சையையும் ஒரே நாளில் சேர்த்து நடத்தினாலும் இந்த எண் வராது, அப்புறமும் இடம் மிச்சம் இருக்கும். இதில் ஹெல்மெட் போடாதவர்கள் மட்டும் 50,029 பேர். நம் ஊரில் எல்லோரிடமும் ஹெல்மெட் இருக்கிறது. முழங்கையில் மாட்டியிருக்கிறோம். போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும். முழங்கையை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிற ஜனங்களை உலகத்தில் எங்கே காண்பது!

முழுக்கப் புலம்பிவிட்டுப் போக மாட்டேன். நாம் ஒழுங்காகச் செய்த காரியம் ஒன்று இருக்கிறது. 2012 ஜூலையில், தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புக் குழந்தை விழுந்து சக்கரத்தில் சிக்கியது. அந்த வருஷமே பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. வந்த விதி அலமாரிக்குப் போகவில்லை, அதுதான் விசேஷம். இன்றைக்கும் கோடை விடுமுறையில் ஒரு மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்துகிறார்கள். போக்குவரத்துத் துறை, காவல் துறை, கல்வித் துறை மூன்றும் வருகின்றன. தளத்தைத் தட்டிப் பார்க்கிறார்கள், அவசரக் கதவைத் திறந்து பார்க்கிறார்கள், முதலுதவிப் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரு மைதானத்தில் போய் நின்று பார்த்திருக்கிறேன். வெயில், புழுதி, சுவாரசியம் துளிகூட இல்லை. எந்த டிவியும் நேரலை போடவில்லை. தவறுகிற வண்டிகள் இன்னும் உண்டுதான். ஆனாலும் காக்கிற வேலை என்றால் இப்படித்தான் இருக்கும். நம் வீட்டுப் பெண்கள் வாசல் தெளிப்பது போல. நேற்றுத் தெளித்தோமே என்று இன்றைக்கு யாரும் விடுவதில்லை.

அந்த மைதானம் கல்யாண மண்டபத்துக்கு ஏன் இல்லை? ஆஸ்பத்திரிக்கு, துணிக்கடைக்கு, கைவிட்ட போருக்கு ஏன் இல்லை? கிராம சபையில் 'எங்கள் ஊரில் மூடாத போர் எத்தனை' என்று ஒரு கேள்வி எழுப்ப எவருடைய அனுமதி வேண்டும்? கேட்டால் அபசகுனம் பிடித்தவன் என்பார்கள். என் தங்கையே சொல்லிவிட்டாள், இனி எனக்கு யார் சொன்னால் என்ன?

முடிக்கிறேன். நான் இங்கே நுழைந்தபோதே பார்த்தேன். இந்த அரங்கில் சுமார் முந்நூறு பேர் இருக்கிறோம். வந்த வாசல் ஒன்று. உங்கள் இடது கைப்பக்கம், புத்தகக் கட்டுக்கும் பழைய பேனருக்கும் பின்னால், இன்னொரு கதவு இருக்கிறது. பூட்டு தொங்குகிறது. செயலாளர் ஐயா, அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது? வாட்ச்மேனிடமா? அவர் சாப்பிடப் போயிருக்கிறாரா? நல்லது, ஆள் அனுப்புங்கள். இளைஞர்கள் நாலு பேர் எழுந்து அந்தக் கட்டுகளை நகர்த்துங்கள். நன்றியுரையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். கதவு திறக்கிற வரைக்கும் நான் மேடையிலேயே நிற்கிறேன்.