பல்கலைக்கழகமே ஊர்ப் பேரைத்தான் வச்சிருக்கு!

(தலைப்பு: மேற்படிப்புக்குப் பெரிதும் பார்க்க வேண்டியது பல்கலைக்கழகமா? ஊரா? 'ஊரே' என்ற அணியில் பேசியது.)

மாண்புமிகு நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, கைதட்டலை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்ட எதிரணித் தோழர்களே! பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டு, 'அடுத்து எங்கே சேர்ப்பது?' என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

ஐயா, எதிரணிச் சகோதரி ஒரு கேள்வி கேட்டார். ''பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பேர் இருக்கும். ஊர்ப் பேரா இருக்கும்?'' என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் கேட்கிறேன், அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பேர் எங்கேயிருந்து வந்தது? 1857-இல் தொடங்கியது, சென்னைப் பல்கலைக்கழகம். 1922-இல் டெல்லிப் பல்கலைக்கழகம். 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம். கடல் தாண்டிப் போனால் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ். அம்மா, பல்கலைக்கழகமே ஊர்ப் பேரைத்தாம்மா வச்சிருக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: அப்ப அண்ணாமலைப் பல்கலைக்கழகம்?

வந்துட்டேங்கய்யா. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. அது இருக்கிற இடத்துக்கு என்ன பேர்? அண்ணாமலை நகர்! அங்கே பல்கலைக்கழகமே ஒரு ஊராக ஆகிவிட்டது. ஊர் இல்லாமல் நிற்க முடியாது என்று அதுக்கே தெரிந்திருக்கிறது. (கைதட்டல்)

வேடிக்கை இருக்கட்டும். நம்ம வீடுகளில் பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளையை மட்டுமா பார்க்கிறோம்? ''பையன் தங்கம்தான், ஊரில் தண்ணி எப்படி? பஸ் போகுமா? ராத்திரியில் உடம்பு சரியில்லேன்னா ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?'' என்று கேட்கிறோம். எங்கள் ராமநாதபுரத்துப் பக்கம் தண்ணி இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். வாழப்போகிற பெண்ணுக்கு இவ்வளவு விசாரணை. படிக்கப்போகிற பிள்ளைக்கு மட்டும், பத்திரிகையில் வந்த ஒரு பட்டியலைப் பார்த்து, 'இதுதான் முதலில் இருக்கிறது, போ' என்று பெட்டியைக் கட்டிவிடுகிறோம்.

அந்தப் பட்டியலைத்தான் எதிரணி பெரிதாகத் தூக்கிப் பிடித்தது. மத்திய அரசு 2016 முதல் வெளியிடுகிற தரவரிசை. நானும் பார்த்தேன். பல்கலைக்கழகங்களுக்கு நூறு மதிப்பெண்ணை எப்படிப் பிரிக்கிறார்கள்? கற்பித்தலும் வசதிகளும் 30, ஆராய்ச்சி 30, படித்து வெளியேறியவர்களின் நிலை 20, எல்லாத் தரப்பினரையும் சேர்த்துக்கொள்வதற்கு 10, மற்றவர்களின் கணிப்புக்கு 10. நல்ல கணக்குத்தான், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டு வாடகைக்கு எத்தனை மார்க்? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பெண் பஸ் ஏறி விடுதிக்குத் திரும்ப முடியுமா என்பதற்கு எத்தனை மார்க்? சைபர் ஐயா! இன்னொன்று, அது மொத்தப் பல்கலைக்கழகத்துக்குப் போட்ட மதிப்பெண். உங்கள் பிள்ளை சேரப்போகும் துறைக்குத் தனியாகப் போட்டது அல்ல. கல்யாண மண்டபத்துக்கு நல்ல பேர் இருக்கலாம். நம்ம இலையில் என்ன விழுகிறது என்பது வேறு விஷயம். (சிரிப்பு)

எதிரணித் தலைவர் கணித மேதை ராமானுஜத்தைச் சொன்னார். 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார், ஹார்டியோடு சேர்ந்தார், 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். உண்மைதான், தலை வணங்குகிறேன். ஆனால் மீதியையும் சொல்ல வேண்டாமா? முதல் உலகப்போர்க் காலம், தாங்கமுடியாத குளிர், சுத்த சைவம், தானே சமைத்துச் சாப்பாடு. 1917-இலிருந்து மருத்துவமனை வாசம். 1919-இல் திரும்பி வந்தார், 1920-இல் போய்விட்டார். வயசு 32. ஊர்தான் அந்த நோயைக் கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதில் வைத்தியர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. கேம்பிரிட்ஜைச் சொல்கிறவர்கள் அந்தக் குளிரையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

நான் சர் சி.வி.ராமனைச் சொல்கிறேன். சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம்.ஏ. முடித்தார். அதற்குமேல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணவராகச் சேரவில்லை. நிதித்துறையில் உத்தியோகம், கல்கத்தாவில் போஸ்டிங். அந்த ஊரில் பவ்பஜார் தெருவில் ஒரு கட்டடம். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அறிவியல் சங்கம் அங்கே இருந்தது. ஆபீசுக்கு முன்னாலும் ஆபீசுக்குப் பின்னாலும் ராமன் அங்கே போய் ஆராய்ச்சி செய்தார். நடுவில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றினார்கள். 1911-இல் கல்கத்தா திரும்பினார். 1928-இல் அதே சங்கத்தில்தான் ராமன் விளைவு. 1930-இல் நோபல் பரிசு. ஊரில் ஒரு தெரு, தெருவில் ஒரு கட்டடம், அங்கே ராத்திரியிலும் திறந்திருக்க ஒரு கதவு. இதைக் கொடுத்தது ஊர்தானே ஐயா? (கைதட்டல்)

நடுவர்: உ.வே.சா. குருவைத் தேடிப் போனாரே, ஊரைத் தேடியா போனார்?

அருமையான கேள்வி. 1871-இல் மாயூரத்துக்கு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். குருவுக்காகத்தான் போனார். ஆனால் பல்கலைக்கழகத்துக்காகப் போகவில்லையே! எதிரணிக்கும் அது உதவாது. 'என் சரித்திரம்' படித்தவர்களுக்குத் தெரியும், அதில் பாடம் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுக்குச் சாப்பாட்டுக் கவலையும் வரும். திருவாவடுதுறை மடம் சோறும் இடமும் கொடுத்தது, படிப்பு நின்றது. ஊர் சோறு போட்டால்தான் குரு பாடம் சொல்ல முடியும்.

இனி நான் சொல்லப்போவதற்குக் கொஞ்சம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். டாக்டர் அம்பேத்கர் 1913-இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகை. கொலம்பியா என்ன கொடுத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். நியூயார்க் என்ன கொடுத்தது? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த அந்த ஆண்டுகளில், தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பே தன் மனசிலிருந்து போய்விட்டது என்று அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை எந்தப் பாடத்திட்டம் தரும்? தெருவில் நடந்தார், கடையில் ஏறினார், மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். யாரும் 'நீ யார்?' என்று கேட்கவில்லை. அது ஊர் கொடுத்த படிப்பு.

படித்துவிட்டு 1917-இல் பரோடாவுக்கு வேலை பார்க்க வருகிறார். அறிவு அதேதான், படிப்பும் அதேதான். தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில், தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல் தங்கினார். பதினோராம் நாள் காலையில் கையில் தடியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். வெளியேற்றிவிட்டார்கள். ஊரில் வேறு எங்கும் இடமில்லை. ஒரு பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்து, ராத்திரி ரயிலைப் பிடித்து பம்பாய்க்குப் போனார். உலகத்தின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் படித்த மனிதருக்கு, அந்த ஊரில் ஒரு பெஞ்சுதான் இருந்தது.

(அரங்கில் அமைதி)

அது பழைய கதை என்று சொல்லிவிடாதீர்கள். இன்றைக்குப் பெரிய நகரங்களில் வாடகைக்கு அறை கேட்டுப் போகிற பையன்களைக் கேட்டுப் பாருங்கள். ''என்ன சாப்பிடுவீங்க? உங்க ஆளுங்க யாரு?'' இந்த இரண்டு கேள்விக்குப் பிறகுதான் வாடகையே பேசுகிறார்கள். இதையெல்லாம் விசாரிக்காமல் பிள்ளையை அனுப்பிவிட்டு, ஆறு மாசத்தில் பெட்டியோடு திரும்பி வந்தால், ''இவனுக்குப் படிப்பு ஏறலை'' என்று சொல்லிவிடுகிறோம். ஏறாதது படிப்பா? தங்க இடம் கிடைத்ததா என்று யாராவது கேட்டோமா?

என் மாணவி ஒருத்தி. பௌதிகம் படித்த பெண், என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தாள். அருப்புக்கோட்டைப் பக்கம், அப்பா நெசவுத் தொழிலாளி. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு வைக்கிறார்கள் இல்லையா, அதை எழுதினாள். வடக்கே இரண்டு ஊரில் இடம் கிடைத்துவிட்டது. ஊர்ப் பேரைச் சொல்ல மாட்டேன், டி.வி.யில் வருகிறது! (சிரிப்பு) ஒன்று பட்டியலில் மேலே, இன்னொன்று கொஞ்சம் கீழே. அப்பாவும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா என்ன சொல்கிறார்? ''சார், ரெண்டும் வேணாம் சார். பக்கத்துலேயே எங்கயாவது சேர்த்து விட்டுடுங்க. வயசுப் பொண்ணு.''

நான் அந்தப் பெண்ணிடம், ''அம்மா, ரெண்டு இடத்திலும் இப்ப விடுதியில இருக்கிற பொண்ணுங்க யாரையாவது பிடிச்சு ரெண்டே ரெண்டு கேள்வி கேளு. நூலகம் எத்தனை மணிக்கு மூடுவாங்க? பெண்கள் விடுதிக் கதவை எத்தனை மணிக்கு மூடுவாங்க?'' என்றேன்.

நாலு நாளில் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டாள். பட்டியலில் மேலே இருந்த இடத்தில் நூலகம் நடுராத்திரி வரைக்கும் திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கதவு ஒன்பது மணிக்குச் சாத்திவிடும். அப்படியானால் அந்த நூலகம் யாருக்கு? பையன்களுக்கு! ஒன்பது மணிக்கு மேலே அவனுக்கு மூணு மணி நேரம் புத்தகம். இவளுக்கு மூணு மணி நேரம் கதவு. தரவரிசை இதைச் சொல்லுமா? 2015-இல் டெல்லியில் மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்' என்று ஒரு இயக்கமே தொடங்கினார்கள். கூண்டை உடை என்று பொருள். ஊர் சுற்றவா கேட்டார்கள்? பையன்களுக்கு உள்ள நேரம் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். (பலத்த கைதட்டல்)

இரண்டாவது இடத்தில் விடுதி வளாகத்துக்குள்ளேயே, நூலகத்திலிருந்து நடந்துபோகிற தூரம். அந்த ஊரில் அவள் பாடத்துக்கே வேறு இரண்டு ஆராய்ச்சி நிலையங்கள். சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ச் சொற்பொழிவு கேட்கலாம், காசு கிடையாது. மெஸ் கட்டணம் அப்பாவால் தாங்கக்கூடியது. நம்ம பக்கத்திலிருந்து நேர் ரயில். அதில் சேர்ந்தாள். இப்போது அதே ஊரில், அந்த ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அப்பா இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, ''சார், அந்த ஊர்ல ராத்திரி பத்து மணிக்கு டீக்கடையில பொம்பளப் பிள்ளைங்க உட்கார்ந்து கணக்கைப் பத்தி சண்டை போட்டுக்கிட்டு இருக்குதுங்க சார்!'' என்று ஆச்சரியப்பட்டுப் போனார். (சிரிப்பு)

இந்த இடத்தில் என் அணிக்கு எதிராகவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது.

நடுவர்: பார்த்துய்யா, அந்தப் பக்கம் நாற்காலி போட்டுடுவாங்க!

போடட்டும் ஐயா. 'ஊரைப் பாருங்கள்' என்று நாங்கள் சொன்னதும் சில அப்பாக்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிகிறது. ''நான் அப்பவே சொன்னேன்ல, வெளியூர் வேணாம்னு!'' என்று பக்கத்தில் இருக்கும் மனைவியைப் பார்க்கிறார்கள். (சிரிப்பு) ஐயா, ஊரைப் பாருங்கள் என்றால் ஊரை விட்டுப் போகாதே என்று அர்த்தம் இல்லை! மகன் டெல்லிக்குப் போகலாம், மகள் பத்து கிலோமீட்டர் தாண்டக்கூடாது என்பது ஊரைப் பார்ப்பது ஆகாது. ஊர் நல்லதா என்று விசாரிப்பது வேறு. ஊரைக் காரணம் காட்டிப் பூட்டுவது வேறு. விசாரிக்கிற அப்பாவுக்கு நான் வக்கீல். பூட்டுகிற அப்பாவுக்கு வேறு வக்கீலைப் பாருங்கள். (கைதட்டல்)

ஆய்வுக்கூடம், கருவிகள், நல்ல பேராசிரியர், இதெல்லாம் பல்கலைக்கழகம்தான் தர வேண்டும் என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாடத்துக்கும் ஊருக்கும் உள்ள உறவையும் பாருங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கடல் உயிரியல் துறையைச் சிதம்பரத்திலா வைத்தது? வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில் வைத்தது. கடல் இருக்கிற ஊருக்குப் பாடம் போனது. என் பாடமான தமிழுக்கு வாருங்கள். கன்னிமாரா நூலகம் 1896-இலிருந்து சென்னையில். உ.வே.சா. நூலகம் சென்னையில். ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூரில் சேர்த்த புத்தகங்களும் சென்னையில்தான் இருக்கின்றன. சுவடி வேண்டுமா, தஞ்சாவூரில் சரஸ்வதி மகால். இந்த ஊர்களில் தமிழ் எம்.ஏ. படிக்கிறவன் நூலகத்துக்குப் பஸ்ஸில் போகலாம். பெரிய பல்கலைக்கழகம் என்று வேறெங்கோ சேர்ந்தவன், ஒரு பழம்பதிப்பைப் பார்க்க ராத்திரி ரயில் ஏற வேண்டும். அந்த ரயில் செலவை எந்த அப்பா கணக்குப் போட்டார்?

முதுகலை என்றால் இரண்டு வருஷம். ஒரு நாளைக்கு வகுப்பு அஞ்சு மணி நேரம் என்றே வையுங்கள். மீதி பத்தொன்பது மணி நேரம் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது? ஊரில் இருக்கிறது! அந்தப் பாஷையைக் கற்றுக்கொள்கிறது, அந்தத் தண்ணியைக் குடிக்கிறது, பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறது, காய்ச்சலில் படுத்தால் பக்கத்து அறைக்காரி கஞ்சி வைத்துக் கொடுக்கிறாளா என்று பார்க்கிறது. அஞ்சுக்குத் தீர்ப்புக் கொடுப்பதா, பத்தொன்பதுக்குக் கொடுப்பதா என்று நடுவர் அவர்கள் கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். இந்த வருஷம் சேர்க்கைக் கடிதம் கையில் வைத்திருக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு கடிகாரத்தையும் விசாரித்துவிடச் சொல்லுங்கள். (கைதட்டல்)