பாரமும் மிகைப்பாரமும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ‘மிகைப்பாரம்’ என்பதே அந்தச் சொல்.

சுமை, பாரம், பளு என்றெல்லாம் சொல்கிறோம். இவை கெட்ட சொற்கள் அல்ல. தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி சுமந்தவர்களுக்குப் பாரம் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாரம்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஆனால், முன்னால் ‘மிகை’ சேர்ந்துவிட்டால் பொருளே மாறிப்போகிறது. மிகை என்றால் அளவுக்கு மேற்பட்டது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும் நன்னூல், மிகைபடக் கூறுவதையும் அவற்றில் ஒன்றாக வைக்கிறது.

அளவு என்றால் யாருடைய அளவு? சுமக்கிறவருடைய அளவு. பிள்ளைகளே, 475ஆம் திருக்குறளை எடுத்துப் பாருங்கள். மயிலிறகு எவ்வளவு லேசு! அதையே அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துபோகும் என்கிறார் வள்ளுவர்.

லோரிக் கதவைப் பார்த்திருப்பீர்கள். வெறும் லோரியின் எடை, பாரத்தோடு இருக்கக்கூடிய எடை, இரண்டையும் எழுதியிருப்பார்கள். நம் பிள்ளையின் முதுகில் அப்படி எழுதியிருக்கிறதா? இல்லையே! நாம்தான் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், இராத்திரி வீட்டுப்பாடம். அதற்கும் மேலே, “பக்கத்து வீட்டுப் பிள்ளை எத்தனை மார்க் வாங்கிச்சு, பார்த்தியா?” மயிலிறகு போல லேசான வார்த்தைதான். தினமும் ஏற்றினால் அச்சு தாங்குமா? யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். நம் மனத்திலிருந்து அது இறங்கிவிட்டதா?

பிள்ளைக்குப் பாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிப்பு, சுமந்தே தீர வேண்டிய பாரம். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி அமைத்தார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர் அதில் இறக்கி வைப்பார். மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தூக்கிக்கொண்டு நடப்பார். சுமைதாங்கி யாருடைய சுமையையும் பறித்துக்கொள்வதில்லை. கொஞ்ச நேரம் தாங்குகிறது. அவ்வளவுதான்.

பிள்ளைகளே, தாங்க முடியாவிட்டால், “அம்மா, கனக்குது” என்று வாய் திறந்து சொல்லுங்கள். பெற்றோர்களே, இன்று பரிசு வாங்கும் பிள்ளைக்கும், வாங்காமல் வீடு திரும்பும் பிள்ளைக்கும் நீங்களே சுமைதாங்கி.