பருத்தியும் வளர்ச்சிச் சீராக்கிகளும்



புகையிலையின் நுனியைக் கிள்ளியதும் கணுக்களிற் பக்கக் கிளைகள் வெடிப்பதை நீங்கள் அறிவீர்கள். நுனியிலிருந்து கீழிறங்கும் ஒட்சின் என்னும் ஓமோன் அதுவரை கணுமொட்டுகளை அடக்கிவைத்திருந்தது. இத்தகைய பொருள்களையும், அவற்றின் தொழிலைத் தூண்டவோ தடுக்கவோ வல்ல மருந்துகளையும் வளர்ச்சிச் சீராக்கிகள் என்கிறோம். பருத்தி நம் குடாநாட்டிற் பெருஞ்செய்கையன்று. ஆயினும் அதைப் பயிரிட விரும்புவோர் இவற்றின் நன்மை தீமைகளை அறிந்திருத்தல் வேண்டும்.

பருத்தியிலே தோன்றும் மொட்டுகளிலும் பிஞ்சுகளிலும் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். இவ்வுதிர்வின் காரணத்தைத் தேடிய அடிகொட் குழுவினர், 1963இல், கலிபோர்னியாவில், இளம் பருத்திக் காய்களிலிருந்து அப்சிசிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தனர். உதிர்வைக் குறைக்க உதவுவது ஒட்சின் வகையைச் சேர்ந்த நப்தலீன் அசற்றிக் அமிலமாகும். விதைத்த 60ஆம், 90ஆம் நாள்களில், இலீற்றருக்கு 40 மில்லிகிராம் வீதம் கரைத்து, மொட்டுகள் நனையுமாறு தெளித்தல் தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிபாரிசாகும். நூற்றுக்கு 4.5 பங்கு மருந்துள்ள திரவமாயின் 10 இலீற்றர் நீருக்கு 9 மில்லிலீற்றர் போதும். கடும் வெயிலில் தெளித்தலாகாது.

மழையும் நைதரசன் பசளையும் மிகுந்தால் செடி காயைவிட்டு இலையிலும் தண்டிலும் ஓங்கும். மெப்பிக்குவாற் குளோரைட்டு, ஜிபரெலின் என்னும் ஓமோன் உண்டாவதைத் தடுத்துக் கணுவிடையைக் குறுக்கும். ஆனால் நீரின்றி வாடும் செடிக்கு இதைத் தெளித்தால் வளர்ச்சி குன்றி விளைவும் குறையும். குறுகியகால இனங்களில் 15ஆம் கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளுதலும் உயர்ச்சியைக் கட்டுப்படுத்தும். அதற்கு மருந்துச் செலவில்லை.

ஒன்றை மறவாதீர்கள். வயலிற் களைக்கு அடிக்கும் 2,4-டி, எம்.சி.பி.ஏ. ஆகியனவும் ஒட்சின் போன்றவையே. அவற்றின் சிறுதுளி காற்றில் வந்து பட்டாலும் பருத்தியிலை சுருங்கித் திரிந்துவிடும். அவற்றுக்குப் பயன்படுத்திய தெளிகருவியைப் பருத்திக்கு எடுத்தலாகாது.

சீராக்கி பசளையுமன்று, நீருமன்று. உள்ள வளர்ச்சியைத் திருப்பிவிடுவதே அதன் தொழில். ஆகவே இறைப்பையும் பசளையையும் முதலிற் செம்மைசெய்யுங்கள். பின்னர் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்து, நான்கு வரிசைக்குத் தெளித்து, நான்கு வரிசையைத் தெளியாது விட்டு, இரண்டின் பஞ்சையும் வெவ்வேறாக நிறுத்துப் பாருங்கள். மருந்தின் விலைக்குமேல் வரவு கண்டால் மட்டும் மறுபோகத்தில் தோட்டம் முழுவதற்கும் தெளியுங்கள்.