தோல்வியின் பழி யாருக்கு?



ஒரு குழு தோற்றுவிட்டதென்றால், அக்குழுவின் ஊரிலே அன்றிரவே ஒரு வழக்குத் தொடங்கிவிடுகின்றது. தேநீர்க்கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் நீதிமன்றங்கள் கூடுகின்றன. சாட்சிகள் பலர், நீதிபதிகள் அவர்களினும் பலர். வலிமை குன்றிய குழு தோற்றால் இவ்வழக்கு எழுவதில்லை. வெல்லவேண்டிய குழு, வெல்லுமென்று யாவரும் எண்ணியிருந்த குழு தோற்கும்பொழுதே பழியைச் சுமக்க ஒருவரைத் தேடுகின்றோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பாடசாலை மைதானத்திலே கூடைப்பந்தாட்டமொன்றிற்கு மத்தியஸ்தராக நின்றேன். ஆட்டம் முடிய இரண்டொரு விநாடிகளே இருந்தன. ஒரு மாணவனுக்குத் தடையின்றி எறியும் வாய்ப்பு இரண்டு கிடைத்தது. இரண்டும் வளையத்திற் பட்டு வெளியே விழுந்தன. அவனுடைய பாடசாலை ஒரு புள்ளியாலே தோற்றது. அந்த ஆட்டத்தில் அக்குழு பெற்ற புள்ளிகளுள் ஏறத்தாழ அரைவாசி அவன் பெற்றவை என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. மறுதவணை அவன் மைதானத்துக்கு வரவில்லை என்று பின்னர் அறிந்தேன். இவ்வழக்குகள் விளையாட்டு வழக்குகள்தாமெனினும், தண்டனை சில வேளைகளில் மெய்யாகவே நிறைவேற்றப்படுகின்றது. ஆதலால், இத்தகைய வழக்கொன்றைச் சற்றே பொறுமையுடன் விசாரித்துப் பார்க்கலாம் என்று எண்ணுகின்றேன்.

நான் எடுத்துக்கொண்ட வழக்கு அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு நிகழ்ந்தது. அந்நாட்டின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் இறுதிச் சுற்றிலே லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் குழுவும் பொஸ்ரன் செல்ரிக்ஸ் குழுவும் மோதின. ஏழு ஆட்டங்களில் நான்கை முதலில் வெல்லும் குழுவுக்கே வெற்றிக்கேடயம். கூடைப்பந்தை எங்கள் பெண்கள் பாடசாலைகளிலே ஆடப்படும் வலைப்பந்தோடு ஒப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இங்கே பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம், ஐவரும் எறியலாம், எறிந்த பந்து வளையத்திற் பட்டு மீளும்பொழுது அதனைப் பற்றுவதற்கு நிகழும் போரே ஆட்டத்தின் பாதி.

லேக்கர்ஸ் குழுவிலே மூவர் இருந்தனர். வில்ற் சேம்பர்லேன் ஏழடி ஓரங்குல உயரமுடையவர். 1962ஆம் ஆண்டு ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் பெற்றவர். ஜெறி வெஸ்ற், எறிதலில் நிகரற்றவர். எல்ஜின் பெயிலர், அந்தரத்திலே நின்று ஆடுகின்றாரோ என்று காண்போர் மயங்கும்படி ஆடியவர். சேம்பர்லேனைப் பெறுவதற்காக உரிமையாளர் ஜாக் கென்ற் குக், 1968ஆம் ஆண்டு கோடையிலே மூன்று ஆட்டவீரரைப் பிலடெல்பியாக் குழுவுக்குக் கொடுத்திருந்தார். அப்பருவத்தில் லேக்கர்ஸ் 55 ஆட்டங்களில் வென்றது. பொஸ்ரனோ 48 ஆட்டங்களிலேயே வென்று, தன் பிரிவில் நான்காம் இடத்தைப் பெற்ற குழு. அதன் ஆட்டவீரராகவும் பயிற்றுனராகவும் இருந்த பில் றசலுக்கு 35 வயது. சாம் ஜோன்ஸ் அப்பருவத்தோடு ஓய்வுபெற இருந்தார். முதுமை எய்திய குழு என்றே யாவரும் பேசினர்.

முதலிரு ஆட்டங்களையும் லேக்கர்ஸ் வென்றது. வெஸ்ற் முதலாவதில் 53 புள்ளிகளும் இரண்டாவதில் 41 புள்ளிகளும் பெற்றார். மூன்றாவதைப் பொஸ்ரன் வென்றது. நான்காவதில் லேக்கர்ஸ் ஒரு புள்ளி முன்னிலையில், பந்தும் தன் கையில் இருக்க, இறுதிச் சில விநாடிகளிலே அதனை இழந்தது. சாம் ஜோன்ஸ் நிலைதடுமாறி எறிந்த பந்து வளையத்தைத் தொட்டு உள்ளே வீழ, 89க்கு 88 என்று பொஸ்ரன் வென்றது. அந்தப் பந்து வெளியே விழுந்திருந்தால் இன்று இப்பேச்சுக்கே இடமில்லை. ஐந்தாவது லேக்கர்ஸுக்கு, ஆனால் அதன் இறுதியிலே வெஸ்றின் தொடைத் தசை சுளுக்கிக்கொண்டது. ஆறாவது பொஸ்ரனுக்கு. இவ்வாறு ஆறு ஆட்டங்களிலும் தத்தம் சொந்த அரங்கிலே ஆடிய குழுவே வென்றிருந்தது. ஏழாவது ஆட்டம் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் புறத்தே, குக் அவர்கள் கட்டுவித்த அரங்கிலே, மே மாதம் 5ஆந் திகதி நடைபெற்றது.

இனி முதலாவது குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுகின்றனர். அவர் உரிமையாளர் குக். அன்று அரங்கின் கூரையிலே ஆயிரக்கணக்கான பலூன்களை வலையிலே கட்டித் தொங்கவிட்டிருந்தார். லேக்கர்ஸ் வென்றதும் அவை கீழே சொரியும். பல்கலைக்கழக வாத்தியக் குழு இசைக்கும். இன்னின்னாரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேட்டி காண்பர் என்று துண்டுப்பிரசுரமும் அச்சிட்டிருந்தார்கள். வென்றால் என்றன்று, வெல்லும்பொழுது என்றே அதில் எழுதியிருந்தது. அத்தாள் ஒன்று றசலின் கைக்கு எட்டிற்று. அவர் அதனைத் தம் குழுவினருக்குக் காட்டினார். தாலி கட்டுமுன்னே தொட்டில் வாங்கிய கதையாயிற்று. பலூன்களைக் கண்டு வெஸ்ற் மிகவும் சினந்தார் என்பர். ஆயினும், பலூனுக்காக ஒரு குழு தோற்றது என்று நான் ஒப்பமாட்டேன். றசலின் குழு அதற்கு முந்திய பன்னிரண்டு ஆண்டுகளிலே பத்துமுறை வெற்றிக்கேடயம் பெற்றிருந்தது. அவர்களுக்குப் பலூனின் தூண்டுதல் வேண்டியதில்லை.

குக் மீது வேறொரு குற்றம் உண்டு. அதனையே நான் பெரிதாகக் கருதுகின்றேன். பெரியதோர் ஆட்டவீரரை வாங்கிய அவர், அவரை யாருடைய கையில் ஒப்படைக்கின்றோம் என்று எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. பயிற்றுனர் பற்ச் வான் பிறெடா கொல்வ், பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலே பயிற்றுவித்தவர். ஐவரும் ஓயாது ஓடிப் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. சேம்பர்லேன் வளையத்தின் அருகே நிலைகொண்டு நிற்பவர். பெயிலரும் அவ்விடத்துக்கே புகுந்து எறிபவர். பெரிய மரமொன்று நிற்கும் வாசலிலே தேரை ஓட்டச் சொன்னாற் போல இருந்தது பெயிலரின் நிலை. பயிற்றுனரும் சேம்பர்லேனும் பருவம் முழுவதும் பிணங்கிக்கொண்டே இருந்தனர்.

இரண்டாவது கூண்டு இவ்விருவருக்கும் உரியது. ஏழாவது ஆட்டத்தின் மூன்றாங் கால்பகுதி முடிந்தபொழுது பொஸ்ரன் 91க்கு 76 என்று முன்னின்றது. பின்னர் லேக்கர்ஸ் நெருங்கி வந்தது. ஏறக்குறைய ஐந்து நிமிடங்களே எஞ்சியிருக்கையில், மீண்ட பந்தைப் பற்றப் பாய்ந்த சேம்பர்லேன் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். அவருக்குப் பதிலாக மெல் கவுன்ற்ஸ் இறங்கினார். அவ்விடைவேளையிலே லேக்கர்ஸ் மேலும் முன்னேறி, 103க்கு 102 என்று ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு வந்துவிட்டது. வலி தணிந்துவிட்டது, மறுபடியும் இறங்குகின்றேன் என்று சேம்பர்லேன் கேட்டார். அவரின்றியே நன்றாக ஆடுகின்றோம் என்னும் கருத்துப்படப் பயிற்றுனர் மறுத்துவிட்டார். ஒரு முறையன்று, மீண்டும் கேட்டும் மறுத்தார். ஆட்டம் முடியும்வரை சேம்பர்லேன் வாங்கிலேயே அமர்ந்திருந்தார்.

ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரமே எஞ்சியிருந்தது. லேக்கர்ஸ் வீரரொருவர் தட்டிவிட்ட பந்து, தற்செயலாகப் பொஸ்ரனின் டொன் நெல்சனுடைய கையிலே வந்து சேர்ந்தது. அவர் அவசரமாக எறிந்தார். பந்து வளையத்தின் பின்விளிம்பிற் பட்டு, நேரே மேலெழுந்து, திரும்பவும் நேரே வளையத்துக்குள் வீழ்ந்தது. முடிவு 108க்கு 106. லேக்கர்ஸ் இரண்டே புள்ளிகளாலே தோற்றது.

பயிற்றுனரைக் குறைகூறுவது எளிது. மறுதலையாகவும் எண்ணிப் பாருங்கள். சேம்பர்லேன் இல்லாத வேளையிலேதான் வித்தியாசம் குறைந்தது, இது கண்கூடு. நன்றாக ஓடுகின்ற வண்டியை நிறுத்தி மாட்டை மாற்றுவதா என்று ஒருவர் தயங்கினால் அது மூடத்தனமன்று. அவ்வளவில் நான் அவர் பக்கமே. ஆயினும், இறுதி ஒரு நிமிடத்திலே பந்து மீளும்பொழுதெல்லாம் அதனைப் பற்றவேண்டும். எதிரே றசல் நிற்கின்றார். அவ்வாட்டத்திலே 27 முறை மீள்பந்தைப் பற்றிய மனிதர் வாங்கிலே இருக்கின்றார். அந்நேரத்திலும் மறுத்தது கணக்கினால் வந்த மறுப்பன்று, பிணக்கினால் வந்த மறுப்பு என்றே தோன்றுகின்றது. சிறிது காலத்துள் அவர் லேக்கர்ஸை விட்டு டிற்றொயிற் குழுவுக்குச் சென்றுவிட்டார்.

சேம்பர்லேன் மீது சுமத்தப்பட்ட குற்றம் வேறு: அடி சிறிது, பாசாங்கு பெரிது என்றனர். முந்திய ஆண்டு பிலடெல்பியாவுக்காக ஆடியபொழுதும் மூன்றுக்கு ஒன்று என்று முன்னின்று, அதே பொஸ்ரனிடம் தோற்றவர் அவர் என்பதை நினைவூட்டினர். சில வாரங்களின் பின்னர் றசலே ஒரு கூட்டத்திலே, அத்தகைய ஆட்டத்தை விட்டு வெளியேறுவதற்குக் கால் முறிந்திருக்கவேண்டும் என்னும் கருத்திலே பேசிவிட்டார். அதுவரை ஒருவர் வீட்டிலே மற்றவர் விருந்துண்ட நண்பர்கள் இருவரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாதிருந்தனர். பிற்காலத்திலே றசல் மன்னிப்புக் கோரினார், நட்பும் மீண்டது. பாசாங்கு என்ற குற்றச்சாட்டைப் பொறுத்தமட்டில், அதே 1969ஆம் ஆண்டு நவம்பரிலே சேம்பர்லேனுடைய முழங்காலின் தசைநாண் அறுந்து, பல மாதங்கள் ஆடமுடியாது இருந்தார் என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றேன்.

ஆனால் அவர் மீது எவரும் மறுக்கமுடியாத குற்றமொன்று உண்டு. அது முழங்காலைப் பற்றியதன்று. தடையின்றி எறியும் வாய்ப்புகள் பதின்மூன்றிலே அவர் நான்கையே வளையத்துள் இட்டார். யாரும் மறிப்பதில்லை, யாரும் தள்ளுவதில்லை. பதினைந்தடி தூரத்தில் நின்று ஆறுதலாக எறியலாம். குழு முழுவதுமாக 47 வாய்ப்புகளில் 19ஐத் தவறவிட்டது. தோற்றதோ இரண்டு புள்ளிகளால். நெல்சனின் பந்து மேலே எழுந்து விழுந்ததைப் பற்றி ஆண்டாண்டாகப் பேசுகின்றவர்கள், இந்தப் பத்தொன்பதைப் பற்றிப் பேசுவதில்லை. கண்ணுக்கு அழகாய் நிகழ்வதையே மனம் காரணமென்று பற்றிக்கொள்கின்றது போலும்.

கர்ணனைக் கொன்றவர் யார் என்று எங்கள் முதியோர் வாதிடுவதுண்டு. பரசுராமரின் சாபமா, கவசகுண்டலத்தை இரந்து பெற்ற இந்திரனா, வரம் வாங்கிய குந்தியா, தேரிலே இருந்து இகழ்ந்து, ஈற்றில் இறங்கிப்போன சல்லியனா என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலிலே அருச்சுனனின் வில்லை மறந்துபோகின்றோம். இங்கும் அதுவே. லேக்கர்ஸ் ஏன் தோற்றது என்று நூறு பேர் கேட்டனர். பொஸ்ரன் ஏன் வென்றது என்று கேட்டவர் சிலரே. இரு பெருவீரர் ஓய்வுபெறும் தருவாயில், பிறர் அரங்கிலே, வயதேறிய கால்களோடு அக்குழு வென்றது. பதின்மூன்று ஆண்டுகளில் பதினோராவது கேடயம் அது. றசல் அதன்பின் ஆடவில்லை.

வெஸ்றைக் குற்றம் சாட்டியவர் எவரும் இலர். தொடைத்தசை சுளுக்கிய நிலையிலே அவ்வாட்டத்தில் 42 புள்ளிகள் பெற்றார். இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த ஆட்டவீரர் என்னும் பட்டம் அவ்வாண்டே முதன்முதலாக வழங்கப்பட்டது. அது அவருக்கே கிடைத்தது. தோற்ற குழுவைச் சேர்ந்த ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அந்த ஒரு முறைதான். பரிசாக ஒரு மோட்டார் வண்டி கொடுத்தார்கள். அதன் நிறம் பச்சை. பொஸ்ரன் குழுவின் நிறமும் பச்சையே! இதனை ஏற்பாடு செய்தவர் எவரோ, அவரையும் ஒரு கூண்டில் ஏற்றலாம்.

இவ்வழக்கிலே பழியைப் பங்கிடச் சொன்னால், பெரும்பங்கை உரிமையாளருக்கும் பயிற்றுனருக்கும், அடுத்த பங்கைத் தவறிய பத்தொன்பது எறிதல்களுக்கும் கொடுப்பேன். பாசாங்கு என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிடுவேன். இத்தீர்ப்பிலே எனக்கே ஓர் ஐயம் உண்டு. அது பின்னர் நிகழ்ந்தவற்றால் எழுந்தது.

முழங்கால் நோவினால் வருந்திய பெயிலர், 1971ஆம் ஆண்டு பருவத்தின் தொடக்கத்திலேயே ஓய்வுபெற்றார். அவர் விலகியபின் நடந்த முதல் ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ச்சியாக 33 ஆட்டங்களில் வென்றது. பயிற்றுனர் பில் சார்மன், முன்னர் பொஸ்ரனுக்கு ஆடியவர். அவர் சேம்பர்லேனோடு பிணங்கவில்லை. மீள்பந்தைப் பற்றி வேகமாகக் கொடுக்கும் பணியை அவருக்கு ஒப்படைத்தார். 69 ஆட்டங்களில் வென்ற அக்குழு, 1972ஆம் ஆண்டு நியூயோர்க்கைத் தோற்கடித்துக் கேடயத்தைப் பெற்றது. இறுதி ஆட்டத்திலே சேம்பர்லேன் கையில் அடிபட்டிருந்தும் ஆடி, 29 முறை மீள்பந்தைப் பற்றினார். அவ்விறுதிச் சுற்றில் வெஸ்றோ சரிவர எறியமுடியாமல் இடர்ப்பட்டார். நன்றாக ஆடியபொழுதெல்லாம் தோற்றவருக்கு, மங்கிய ஆட்டத்தின்போது கேடயம் கிடைத்தது.

அப்படியானால் இத்தனை ஆண்டுத் தோல்விகளுக்கும் பெயிலர்தான் காரணமா? எண்களை மட்டும் பார்ப்பவர் அவ்வாறே தீர்ப்பளிக்கக்கூடும். பெயிலரை ஆடக் கண்டவர்கள் அத்தீர்ப்பை ஏற்கவில்லை. எட்டு முறை இறுதிச் சுற்றுக்கு வந்து எட்டு முறையும் தோற்ற அவருக்கு, அவ்வாண்டு குழுவினர் அனைவருக்கும் அளித்த வெற்றி மோதிரத்தை லேக்கர்ஸ் குழு அளித்தது.